எத்தனை லிட்டர் கறக்குதுன்னு கேக்கறத முதல்ல விடுங்க

மாடு வச்சிருக்கேன்னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்னுதான், எத்தனை லிட்டர் கறக்குது? விக்கறவரும் அதத்தான் சொல்றாரு, வாங்கறவரும் அதத்தான் கேக்கறாரு, வீடியோ போடறவங்களும் பால் கேனை தூக்கி காட்டி அதத்தான் பேசறாங்க. அப்புறம் ஒரு கணக்கு வரும் பாருங்க. 20 லிட்டர் மாடு, அஞ்சு வாங்குனா ஒரு நாளைக்கு 100 லிட்டர், அத பால் விலையால பெருக்கு, 30 நாளால பெருக்கு, தீவனத்த கழி, மிச்சம் எல்லாம் லாபம். இந்த கணக்க நம்பி கடன் வாங்கி கொட்டகை போட்டவங்க ரெண்டு மூணு வருஷத்துல மாட்ட வித்துட்டு போறத நான் நிறைய பாத்துட்டேன். அவங்க யாரும் சோம்பேறி இல்ல, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு சாணி அள்ளுனவங்கதான். கணக்குல போட்ட நம்பர்தான் காலை வாரி விட்டுருச்சு.

20 லிட்டர்ங்கறது மாடு கன்னு போட்டு ஒரு ஆறுல இருந்து எட்டு வாரத்துல வர்ற உச்சக் கறவை. அது மாட்டோட சராசரி கிடையாது. உச்சத்த தொட்டதுக்கு அப்புறம் நல்லா தீனி போட்டு பாத்துக்கிட்டாலும் மாசத்துக்கு 8ல இருந்து 10 சதவீதம் பால் இறங்கிக்கிட்டேதான் வரும், பத்தாவது மாசத்துல பாதிதான் நிக்கும், அதுக்கப்புறம் அடுத்த ஈத்துக்கு (அடுத்த கன்னு போடறதுக்கு) முன்னாடி 60 நாளாவது கறக்கறத நிறுத்தி வத்த விட்டே ஆகணும். உச்சக் கறவைய 200ஆல பெருக்குனா அந்த ஈத்துல மொத்தம் வர்ற பால் கிட்டத்தட்ட கிடைச்சுரும்னு ஒரு பழைய குத்துமதிப்பு இருக்கு. அப்படி பாத்தா 20 லிட்டர் மாடு ஒரு ஈத்துக்கு 4000 லிட்டர். அத 365ஆல வகுத்து பாருங்க, நாளைக்கு 11 லிட்டர். நீங்க வாங்குனது 11 லிட்டர் மாடு சார். அஞ்சு மாட்டுக்கு 100 இல்ல, 55. அதுவும் வருஷம் தவறாம ஒரு கன்னு போட்டாத்தான்.

இந்த "வருஷத்துக்கு ஒரு கன்னு"ங்கற எடத்துலதான் மொத்த காசும் உக்காந்திருக்குன்றது என் கட்சி. மாட்டோட சினைக்காலம் சுமாரா 280 நாள். 365 நாளைக்குள்ள அடுத்த கன்னு வரணும்னா கன்னு போட்ட 85 நாளைக்குள்ள சினை நிக்கணும். கன்னு போட்ட உடனே சினை ஊசி போட முடியாது, கர்ப்பப்பை சுருங்கி பழைய நிலைக்கு வரவே ஒன்றரை மாசம் ஆகும். ஆக 45வது நாள்ல இருந்து 85வது நாள் வரைக்கும் 40 நாள்தான் கையில இருக்கு. பருவம் (மாடு சினை பிடிக்க தயாரா இருக்கற நேரம்) வர்றது 21 நாளைக்கு ஒரு தடவை. ரெண்டே ரெண்டு சான்ஸ்.

அந்த ரெண்டுலயும் ஒவ்வொன்னும் ஒரு நாள் கூட முழுசா நிக்காது, நிறைய மாடு ராத்திரியிலயோ விடியக்காலையிலயோதான் பருவத்த காட்டும், சில மாடு கத்தாது, தாவாது, சும்மா கொஞ்சம் கண்ணாடி மாதிரி வழும்பு மட்டும் போட்டுட்டு அமைதியா நின்னுரும், பகல்ல வந்து பாக்கறவனுக்கு ஒன்னுமே தெரியாது. காலைல பருவம் தெரிஞ்சா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலைல ஊசின்னு எல்லாரும் மனப்பாடமா சொல்லுவாங்க, ஆனா எப்ப ஆரம்பிச்சுச்சுன்னே பாக்காதவனுக்கு அந்த விதி எதுக்கு ஆகும். சரியா பாத்து சரியான நேரத்துல போட்டாலும் ரெண்டு ஊசிக்கு ஒன்னு நின்னாலே அது நல்ல ரிசல்ட்தான். அதனால எல்லா மாடும் 85 நாளைக்குள்ள நிக்கும்னு நான் சொல்லல, ஒவ்வொரு பருவம் தவறும்போதும் 21 நாள் போகுதுன்னு மட்டும் மனசுல இருந்தா போதும்னு சொல்றேன்.

அந்த 21 நாளோட விலை என்னன்னு பாக்கணும்ல. இதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன், எல்லா செலவையும் பால் லிட்டர்ல மாத்தி எழுதிருவேன். பணமா எழுதுனா இந்த வருஷ விலைய போன வருஷத்தோட ஒப்பிட முடியாது, உங்க ஊர் விலைக்கும் என் விலைக்கும் சம்பந்தம் இருக்காது. லிட்டர்ல எழுதுனா பளிச்சுன்னு தெரியும். உதாரணத்துக்கு கறவைல இருக்கற மாட்டுக்கு ஒரு நாள் தீவன செலவு 6 லிட்டர் பால் விலைக்கு சமம், வத்துன மாட்டுக்கு 3 லிட்டர்னு வச்சுக்குங்க (உங்க நம்பர நீங்க போட்டுக்குங்க). 365 நாளைக்கு ஒரு கன்னு போடற மாடு 305 நாள் கறக்கும், 60 நாள் வத்தி நிக்கும். தீவனம் 1830ம் 180ம் சேத்து 2010 லிட்டர். 4000ல கழிச்சா 1990 லிட்டர் மிச்சம்.

இப்ப அதே மாடு, அதே 20 லிட்டர் உச்சம், ஆனா சினை நிக்க லேட்டாகி 450 நாளைக்கு ஒரு கன்னுன்னு வைங்க. 305 நாள்ல பால் நின்னுருச்சு, மிச்சம் 145 நாள் சும்மா நின்னு திங்குது. தீவனம் 1830ம் 435ம் சேத்து 2265, மிச்சம் 1735. ஆனா இது ஒரு வருஷத்துக்கான மிச்சம் இல்ல, 450 நாளுக்கானது. வருஷக் கணக்குக்கு மாத்துனா 1400 லிட்டர் சொச்சம்தான் வரும். கூலி, மருந்து, ஊசி, கரண்ட், வட்டி, மாட்டோட தேய்மானம் எல்லாம் சேத்து வருஷத்துக்கு ஒரு 1000 லிட்டர்னு போட்டா முதல் மாட்டுல கைக்கு நிக்கறது 990, ரெண்டாவதுல 400. பக்கத்து பக்கத்துல நிக்கற ரெண்டு மாடு, ரெண்டுமே 20 லிட்டர் மாடுன்னு பேரு, ஒன்னு குடுக்கறதுல பாதி கூட இன்னொன்னு குடுக்கல. கேனை பாத்து இத கண்டுபிடிக்கவே முடியாது.

சில பேர் சொல்லுவாங்க, சினை நிக்கலன்னா என்ன, மாடு தொடர்ந்து கறக்குதுல்லன்னு. உண்மைதான், சில மாடு 400 நாள் வரைக்கும் கூட கறக்கும், அப்ப நஷ்டம் கொஞ்சம் குறையும். ஆனா அந்த கடைசி மாசங்கள்ல வர்ற பால் எப்படிப்பட்ட பால்னு ஒரு கணக்கு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு இதுதான். 400 கிலோ எடை உள்ள ஒரு மாடு ஒரு சொட்டு பால் குடுக்காம சும்மா நின்னு மூச்சு விட்டு அசை போடறதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு எனர்ஜி வேணுமோ, அது கிட்டத்தட்ட ஒன்பதரை லிட்டர் பால் (4 சதவீத ஃபேட்) சுரக்க தேவைப்படற எனர்ஜிக்கு சமம். அது வாடகை மாதிரி, கறந்தாலும் கறக்கலன்னாலும் கட்டியே ஆகணும். 20 லிட்டர் கறக்கறப்ப அது திங்கறதுல மூணுல ஒரு பங்குதான் உடம்புக்கு போகுது, மிச்சம் பாலுக்கு. 5 லிட்டர் கறக்கறப்ப மூணுல ரெண்டு பங்கு உடம்புக்கே போயிருது. அதனாலதான் ஈத்தோட கடைசில வர்ற பால் விலை கூடுன பால், உச்சத்துல வர்ற பால் மலிவான பால், ரெண்டும் ஒரே கேன்ல ஊத்தறதால நமக்கு வித்தியாசம் தெரியாம போயிருது.

அப்ப பால் நிறைய குடுக்கற மாடா பாத்து வாங்கிட்டா போச்சேன்னு தோணும். கணக்குப்படி சரிதான். ஆனா 30 லிட்டர் மாடு கன்னு போட்ட முதல் சில வாரத்துல அது திங்கறத விட அதிகமா கறக்கும், உடம்புல இருக்கற கொழுப்ப கரைச்சுத்தான் பால் குடுக்கும், அப்ப உடம்பு இறங்கும், உடம்பு இறங்குனா பருவம் தள்ளிப்போகும், சினை பிடிக்காது. கன்னு போட்ட கையோட கால்சியம் குறைஞ்சு படுத்துக்கற மாடும் பெரும்பாலும் இந்த ரகம்தான். வெயிலும் சேந்துட்டா இன்னும் மோசம், நிறைய கறக்கற மாட்டுக்கு உடம்புக்குள்ளயே சூடு ஜாஸ்தி, புழுக்கத்துல தீனிய குறைச்சுக்கும். உங்களால நல்ல பசுந்தீவனம், காத்தோட்டமான கொட்டகை, கூப்பிட்டா வர்ற டாக்டர் மூணையும் குடுக்க முடியும்னா 30 லிட்டர் மாடு வாங்குங்க. இல்லன்னா வருஷம் தவறாம கன்னு போடற 15 லிட்டர் மாடு நல்லது. இத சொன்னா வாங்க வர்றவங்களுக்கு பிடிக்கறதில்ல, பெரிய மடி பாத்தா மனசு அங்கதான் போகுது.

தீவனத்துக்கு வருவோம், மொத்த செலவுல 60ல இருந்து 70 சதவீதம் அங்கதான் போகுது. தீவனம் வாங்கும்போது மூட்டை விலைய பாக்காதீங்க, தண்ணிய கழிச்சுட்டு பாருங்க. பச்சைப்புல்லுல 100 கிலோவுக்கு 80 கிலோ வரைக்கும் தண்ணி, ஃபேக்டரில இருந்து ஈரமா வர்ற கழிவு தீவனத்துலயும் ஏறக்குறைய அதே கதை, நல்ல சைலேஜ்ல மூணுல ரெண்டு பங்கு தண்ணி, காஞ்ச தீவனத்துல பத்துல ஒரு பங்குதான். மாடு திங்கற அளவும் இந்த தண்ணி கழிச்ச எடையிலதான் கணக்கு, உடம்பு எடைல சுமாரா 3 சதவீதம், 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. ஈரத் தீவனம் கிலோ ரொம்ப சல்லிசுன்னு வண்டி வச்சு ஏத்திட்டு வர்றவரு உண்மைல தண்ணிக்கு வாடகை குடுத்து ஏத்திட்டு வர்றாரு, ஒரு கிலோ உலர்ந்த சரக்கு வேணும்னா அஞ்சு கிலோ தூக்கணும், அதோட விலை அடர்தீவனத்த (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த மூட்டைத் தீவனம்) தாண்டிரும் சில நேரம். அதே மாதிரி புண்ணாக்கு வாங்கறப்ப புரதம் எத்தனை சதவீதம்னு பாத்து, ஒரு கிலோ புரதத்துக்கு என்ன விலை ஆகுதுன்னு ரெண்டு மூணு சரக்க ஒப்பிட்டு பாத்தா, விலை குறைஞ்சதுதான் மலிவுன்னு நினைச்சது நிறைய தடவை தலைகீழா மாறிப்போகும்.

அடர்தீவனத்த அள்ளி போட்டா பால் ஏறும்னு ஒரு நம்பிக்கை. இரண்டரை லிட்டருக்கு 1 கிலோன்னு ஒரு வழக்கம் இருக்கு, அத வச்சு ஆரம்பிக்கலாம், ஆனா ஒரு அளவுக்கு மேல போற ஒவ்வொரு கிலோவும் முந்துன கிலோவ விட கம்மியாத்தான் பால் தரும், கடைசில போட்ட கிலோ அதோட விலையவே எடுக்காது. அதுக்கு மேல போனா வயித்துல புளிப்பு ஏறி மாடு தீனிய விட்டுரும், ஃபேட் விழும். பால்ல இருக்கற ஃபேட்டுல ஏறக்குறைய பாதி நார்த்தீனி செரிக்கறதுலருந்துதான் வருது. உங்க பாலுக்கு ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்கற மத்த திடப்பொருள்) பாத்து காசு போடறாங்கன்னா புல்ல குறைச்சு மூட்டைய கூட்டறது ரெண்டு பக்கமும் அடி.

இதுல காசே இல்லாம பால் ஏத்தற ஒரே சமாச்சாரம் தண்ணி. பால்ல 87 சதவீதம் தண்ணி, ஒரு லிட்டர் பாலுக்கு மூணு நாலு லிட்டர் தண்ணி மாடு குடிக்கும். ரெண்டு வேளை வாளில காட்டறதுக்கும் நாள் முழுக்க தொட்டி எட்டற மாதிரி வைக்கறதுக்கும் வித்தியாசம் கறவையில தெரியும். செஞ்சு பாருங்க, வேற எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி.

மடிநோய பத்தி ஒரு வார்த்தை. மடி வீங்கி பால் திரிஞ்சு வந்தா எல்லாரும் டாக்டர கூப்பிட்டுருவோம், ஊசி போட்ட நாள்ல இருந்து மருந்தோட கெடு முடியற வரைக்கும் பால கீழ ஊத்தணும், அந்த நஷ்டம் கண்ணுக்கு தெரியுது. தெரியாத மடிநோய்தான் ஆள சாப்பிடும், பால் பாக்க நல்லாத்தான் இருக்கும், மடியும் மெத்துன்னுதான் இருக்கும், ஒரு காம்புல மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிட்டே வரும், வயசாயிருச்சு போலன்னு நாமளே சமாதானம் சொல்லிக்குவோம். தட்டுல பால எடுத்து சொல்யூஷன் விட்டு பாக்கற டெஸ்ட் ரெண்டு நிமிஷ வேலை, மாசம் ஒரு தடவை எல்லா காம்புலயும் பாத்துரலாம். கறந்து முடிச்சதும் காம்ப மருந்துல முக்கறதும், மாடு உடனே படுக்காம இருக்க தீனிய போட்டு நிக்க வைக்கறதும் பாதி பிரச்சனைய வாசல்லயே நிறுத்திரும்.

அப்புறம் யாரும் எழுதவே எழுதாத செலவு, மாட்டோட தேய்மானம். மாடு வாங்குன விலை, அத கடைசில விக்கற விலை, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த அது உங்ககிட்ட போட்ட ஈத்துகளால வகுக்கணும். ரெண்டே ஈத்துல மாடு போச்சுன்னா ஒவ்வொரு லிட்டர் பால் தலையிலயும் பெரிய தொகை ஏறிரும். அதோட கொடுமை என்னன்னா மாடு நல்லா கறக்கறதே மூணாவது ஈத்துல இருந்துதான், ரெண்டோட அனுப்பறவரு வளத்த செலவ கட்டிட்டு அறுவடைய அடுத்தவருக்கு குடுக்கற மாதிரி ஆயிருது. சொந்தமா கிடாரி (இன்னும் கன்னு போடாத இளம் மாடு) வளத்தா காசு மிச்சம்னு சொல்றதும் பாதிதான் உண்மை. கிடாரி 24 மாசத்துல முதல் கன்னு போட்டா சரி, 36 மாசம் ஆச்சுன்னா ஒரு முழு வருஷத்து தீனி சும்மா போச்சு. முதல் ரெண்டு மாசத்துல கன்னுக்கு பால குறைச்சு மிச்சம் புடிக்கறவங்கதான் இந்த ஒரு வருஷத்த இழக்கறாங்க. 30 கிலோ கன்னுக்கு நாளைக்கு 3 லிட்டர் கூட விடலன்னா அது பிழைச்சுக்கும், வளராது. சீம்பால் விஷயத்துல மட்டும் கணக்கே பாக்காதீங்க, பிறந்த முதல் சில மணி நேரத்துல குடுத்தாத்தான் எதிர்ப்பு சக்தி உள்ள போகும், ஒரு நாள் தாண்டுனா குடல் அத வாங்காது.

காளைக்கன்னும் அதே பாலத்தான் குடிக்குது, அது தனி தலைவலி. இப்ப பெண் கன்னு மட்டும் பிறக்கற மாதிரி பிரிச்ச சினை ஊசி வந்திருக்கு, பத்துக்கு ஒன்பது பெண்ணா வரும். விலை ஜாஸ்தி, சினை நிக்கற சதவீதம் சாதா ஊசிய விட கொஞ்சம் கம்மி. அதனால சினை நிக்க கஷ்டப்படற மாட்டுக்கு அத போட்டு காச வீணாக்காம, நல்ல வளந்த கிடாரிக்கு போடறதுதான் புத்திசாலித்தனம்.

கூலி. நம்ம வேலைக்கு நாம கூலி போட்டுக்கறதில்ல, வீட்டு ஆளுங்க செய்யறதுக்கும் போடறதில்ல, அந்த கூலியத்தான் பாதி பேர் லாபம்னு சொல்லிட்டு இருக்காங்க. ஒரு நாள் வேலைக்கு வெளிய போனா என்ன கிடைக்குமோ அத எழுதிட்டு பாருங்க. இன்னொன்னு, வேலை மாட்டு எண்ணிக்கையோட ஒரே சீரா ஏறறதில்ல. ரெண்டு மாட்டுக்கு கொட்டகை கழுவற நேரத்துக்கும் நாலு மாட்டுக்கு கழுவற நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அதனால குடும்பமே பாத்துக்கற அளவு வரைக்கும் மாடு கூட்டக் கூட்ட மாட்டுக்கு ஆகற செலவு குறையும், அதத் தாண்டி ஒரு மாடு கூடுச்சுன்னா ஆள் வைக்கணும், ஆளுக்கு முழு சம்பளம், அவர் முழு நாளும் உழைக்கற அளவுக்கு மாடு இருக்காது. இந்த நடுவுல இருக்கற சைஸ்தான் ரொம்ப டேஞ்சர். ஒன்னு குடும்பத்தால முடியற எண்ணிக்கையோட நிறுத்திக்கணும், இல்ல ஒரு ஆளோட சம்பளத்த தாங்கற எண்ணிக்கைக்கு ஒரேயடியா போகணும், ஒவ்வொன்னா கூட்டிட்டே போறவங்கதான் அந்த நடுப்பள்ளத்துல மாட்டிக்கறாங்க.

கடன் வாங்கி ஆரம்பிக்கறவங்களுக்கு இத சொல்லியே ஆகணும். அஞ்சு மாட்டையும் ஒரே வாரத்துல, எல்லாம் புதுசா கன்னு போட்டதா பாத்து வாங்காதீங்க. முதல் நாலு மாசம் பால் கொட்டும், தவணையும் கட்டிருவீங்க, பரவாயில்லயே தொழில்னு தோணும், அப்புறம் அஞ்சும் ஒன்னா இறங்கும், அஞ்சும் ஒன்னா வத்தும், தவணை மட்டும் வத்தாது. அந்த நேரத்துல வட்டிக்கு வாங்கறது, தீவனத்த குறைக்கறது, குறைச்சதால அடுத்த ஈத்து அடி வாங்கறதுன்னு ஒரு சுழல் இருக்கு, அதுல உள்ள போனவங்க வெளிய வர்றது கஷ்டம். பாதிய இப்ப வாங்குங்க, மிச்சத்த ஆறு மாசம் கழிச்சு வாங்குங்க. வத்துற மாட்டுக்கும் தீனி பாக்கி வைக்காதீங்க, அந்த 60 நாள்ல போடறதுதான் அடுத்த ஈத்தோட உச்சத்த முடிவு பண்ணுது. 20 லிட்டர் உச்சம் 21 ஆனா அந்த ஈத்துக்கே 200 லிட்டர் கூடும்.

சாணி வருமானத்த நான் பெருசா எழுதறதில்ல. ஒரு மாடு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல போடும், அதுல முக்கால்வாசிக்கு மேல தண்ணி. சொந்த நிலம் இருந்து அதுல புல்லு வளத்தா அதுக்கு மதிப்பு இருக்கு, உரம் வாங்கற செலவு நிக்கும். நிலம் இல்லாதவங்களுக்கு அத அள்ளி அப்புறப்படுத்தறதே செலவு.

எந்த மாட்ட எப்ப விக்கறதுங்கறதுதான் எல்லாத்துலயும் கஷ்டமான முடிவு, பேர் வச்சு கூப்பிட்ட மாடு வேற. என் நோட்டுல ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம், அதுல கன்னு போட்ட தேதி, பருவம் பாத்த தேதி, ஊசி தேதி, சினை பாத்த தேதி, வாரம் ஒரு நாள் அளந்த பால், அவ்வளவுதான். ஊசி போட்டு பருவம் திரும்பலன்னா சினைன்னு நம்பாம ரெண்டு மூணு மாசத்துல கைய விட்டு பாக்க சொல்லிருவேன், ஏன்னா சினை இல்லாம சும்மாவும் பருவம் வராம இருக்கும், அந்த நம்பிக்கைல போற மாசங்கள்தான் அதிகம். நாலு ஊசிக்கு மேல நிக்கலன்னா டாக்டர் ஒருத்தர் கர்ப்பப்பைய பாத்து சொல்லணும், அவரும் கைய விரிச்சா, பால் தினசரி தீவன செலவுக்கு சமமான லிட்டர தொடறதுக்கு முன்னாடியே, அதாவது நம்ம உதாரணத்துல 6 லிட்டருக்கு கீழ போறதுக்கு முன்னாடியே, வாங்கறவர்கிட்ட சினை நிக்கலங்கறத மறைக்காம சொல்லி வித்துரணும். கறவைல நிக்கற மாட்டுக்கு ஒரு விலை, முழுசா வத்திட்டா அதே மாட்டுக்கு வேற விலை, அந்த ரெண்டுக்கும் நடுவுல உங்களுக்கு கிடைக்கறது சில வாரம்தான்.